துப்பாக்கி உரிமமும் ஜொகூர்த் தமிழரும்

துப்பாக்கி என்னும் சொல் தமிழ்ச் சொல்லன்று. துருக்கி மொழியிற் பிறந்து, பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே தமிழகம் வந்து சேர்ந்தது அது. துப்பு என்னும் பழந்தமிழ்ச் சொல் வலிமையைக் குறிக்கும் ஆதலின், அவ்விரண்டையும் இணைத்துப் பொருள் காண முயல்வோர் உண்டு. ஒலி ஒப்புமை ஒன்றே அம்முயற்சிக்குச் சான்று. மலாய் மொழியில் துப்பாக்கிக்கு வழங்கும் ‘செனாபாங்’ என்பதும் இரவற் சொல்லே. ‘ஸ்னாப்ஹான்’ என்னும் டச்சுச் சொல்லின் திரிபு அது. கருவி வந்த வழியைச் சொல்லே காட்டிவிடுகிறது.

கருவியோடு இன்னொன்றும் வந்தது. அதுவே உரிமச் சீட்டு. வாளும் வேலும் வளரியும் வைத்திருக்க முற்காலத்தில் ஒருவரும் சீட்டுப் பெற்றதில்லை. சிலம்பம் கற்பிக்கும் ஆசான் அரசுக்குக் கட்டணம் செலுத்திய பின்னரே மாணவனைச் சேர்க்க வேண்டும் என்ற நிலையும் இல்லை. படைக்கலம் ஏந்துவோன் யார், அதனைக் கற்பிப்போன் யார், அவ்விருவரும் அரசிடம் என்ன பெற்று என்ன செலுத்த வேண்டும் என்ற வினாக்கள் பிற்காலத்தில் எழுந்தவை. அவற்றின் வரலாற்றைத் தென்பாண்டி நாட்டில் தொடங்கி மலேசியாவின் தென்கோடியிலுள்ள ஜொகூர் வரையில் தொடர்ந்து காணின், தமிழர் வாழ்வின் ஒரு பகுதி விளங்கும்.

பாளையங்களின் படைக்கலம்

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது உடன்பிறந்தார் தூக்கிலேறினர். போர் முடிந்தது. போருக்குப் பின்னர்க் கும்பினியார் செய்த செயலே ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பகுதிப் பாளையங்களில் படைக்கலங்களை ஒப்படைக்குமாறும் கோட்டைகளை இடிக்குமாறும் அவ்வறிக்கை பணித்தது. காவலுரிமையும் படையுரிமையும் பெற்றிருந்த பாளையக்காரர், 1803ஆம் ஆண்டு முதல் சன்னது பெற்ற ஜமீன்தார் ஆயினர். கையிலிருந்த வாள் போயிற்று. கைக்கு ஒரு தாள் வந்தது.

இம்மாற்றத்தின் ஆழத்தை உணர்தல் வேண்டும். அதுவரையில் படைக்கலம் ஒரு குடியின் உரிமையாகவும் ஊரின் கடமையாகவும் இருந்தது. அதன்பின் அஃது அரசு விரும்பினால் தரும் சலுகை ஆயிற்று. சலுகையைத் தருவோர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும். உரிமச் சட்டங்களின் அடிப்படைக் கருத்து இதுவே.

1878ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியா முழுவதற்குமான ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபுவின் ஆட்சிக் காலத்தில், 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இந்திய மொழி இதழ்களின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில், அதே ஆட்சியில் பிறந்ததே. இதழ்ச் சட்டத்தை ரிப்பன் பிரபுவின் ஆட்சி நீக்கியது. ஆயுதச் சட்டமோ நிலைத்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் என்று அது கூறியது. உரிமம் பெறக் கட்டணமும் விதிக்கப்பட்டது. ஆனால் மக்களைப் புண்படுத்தியது கட்டணம் அன்று, விலக்குப் பட்டியலே. ஐரோப்பியருக்கு உரிமம் வேண்டுவதில்லை என்றும், இந்தியருக்கு வேண்டும் என்றும் நடைமுறை அமைந்தது. இந்தியருள்ளும் குடகர் போன்ற சிலருக்கு விலக்கு இருந்தது. 1861ஆம் ஆண்டிலேயே மார்க் கப்பன் அளித்த சலுகை அது.

1887ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் இச்சட்டம் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. இளைஞராக இருந்த விபின் சந்திர பாலர் அதனை நீக்க வேண்டுமென்று அம்மாநாட்டிற் பேசினார். அகிம்சையை உயிர்க்கொள்கையாகக் கொண்ட காந்தியடிகளும் 1918ஆம் ஆண்டில், ஒரு நாட்டு மக்களனைவரையும் ஆயுதமற்றவராக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கொடியதெனக் குறித்தார். ஆயுதத்தைத் துறத்தல் வேறு, ஆயுதம் பறிக்கப்படுதல் வேறு என்பது அவர் கருத்து. ஏந்தும் ஆற்றல் உடையவன் துறப்பதே துறவாகும். முதல் உலகப் போருக்குப் பின்னர் இன வேறுபாடு விதிகளினின்று நீக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டில் கராச்சிக் காங்கிரசு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. எனினும் விடுதலைக்குப் பின் எழுந்த இந்திய அரசியலமைப்பில் அவ்வுரிமை இல்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே அதிற் காணப்படுகிறது.

ஜொகூரின் தனி வழி

மலாய் நாடுகளுள் ஜொகூரின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. அந்நாட்டைப் புதிதாக உருவாக்கியோர் தெமெங்கோங் மரபினர். தெமெங்கோங் என்பது பழைய மலாய் அரசில் காவலையும் அமைதியையும் பேணும் பதவியின் பெயர். அம்மரபில் வந்த அபூபக்கர், 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையால் சுல்தான் பட்டம் பெற்றார். மறு ஆண்டில், 1886இல், ஜொகூர்ப் படை என்ற தனிப்படை அமைந்தது. மலேசியாவின் மாநிலங்களுள் தனக்கெனப் படை உடையது ஜொகூர் ஒன்றே. 1895ஆம் ஆண்டில் எழுத்து வடிவிலான அரசியலமைப்பையும் அந்நாடு பெற்றது.

சீட்டும் கட்டணமும் ஜொகூருக்குப் புதியன அல்ல. மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனக் குடிகளின் தலைவர்க்கு ஆற்றங்கரை நிலத்தை அளித்துத் தெமெங்கோங் வழங்கிய ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டு 1844ஆம் ஆண்டில் தோன்றியது. அதனைப் பெற்ற தலைவர் கங்சூ எனப்பட்டார். அவர் தம் குடியிருப்பில் வரி தண்டினார், காவலும் புரிந்தார். அவர்தம் கடமைகளை 1873ஆம் ஆண்டின் கங்சூச் சட்டம் வரையறுத்தது. அபினி, மது, சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைகளும் அரசின் கருவூலத்தை நிரப்பின. ஆங்கில ஆலோசகர் ஆட்சி வலுப்பெற்ற பின், 1917ஆம் ஆண்டில் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. காவல் புரியும் உரிமையைத் தனியார்க்குச் சீட்டெழுதித் தந்த காலம் அத்துடன் முடிந்தது எனலாம். தென்பாண்டி நாட்டில் 1801ஆம் ஆண்டில் நடந்தது, ஜொகூரில் போரின்றி, ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர் நடந்தது.

1909ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் இருப்புப்பாதை முழுமை பெற்றது. அதன் இருமருங்கிலும் காடழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் ஆகிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். தோட்டத்தில் துப்பாக்கி இருந்தது துரையின் பங்களாவில். லயத்து வீட்டில் இருந்தவை மண்வெட்டியும் பால்வெட்டும் கத்தியுமே. எந்தச் சட்டமும் தொழிலாளிக்குத் துப்பாக்கி கூடாதென்று பெயர் சொல்லி விலக்க வேண்டிய தேவை எழவில்லை. உரிமம் பெறத் தகுதியுடையவன் என்று அவனை எவரும் கருதாமையே போதுமானதாயிற்று.

கட்டணமில்லாப் பயிற்சி

அந்நிலையை இரண்டாம் உலகப் போர் மாற்றியது. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியரை விடுதலைப் படையிற் சேருமாறு அழைத்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாகச் சென்றனர். பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையின் முகாம் அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. அதிலும் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். நேற்று வரையில் கங்காணிக்கு அஞ்சி நின்ற கைகள் துப்பாக்கியைத் தூய்மை செய்யவும், குறி பார்க்கவும், சுடவும் கற்றன. கற்போர் கட்டணம் செலுத்தவில்லை. கற்பித்தோர் உரிமம் பெறவில்லை. தமிழ்த் தொழிலாளர்க்கு மலாயாவில் கிடைத்த முதற் பெரும் படைக்கலப் பயிற்சி இதுவே.

போர் முடிந்தபின் ஆங்கிலேயர் திரும்பினர். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மக்கள் படையினர் 1945ஆம் ஆண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டனர். துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொருவர்க்கும் 350 வெள்ளி அளிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருப்பதற்கு அரசு கட்டணம் பெறுவதே எங்கும் வழக்கம். துப்பாக்கியைத் தருவதற்கு அரசே பணம் தந்த அரிய நிகழ்ச்சி இது. ஆயினும் எல்லாத் துப்பாக்கிகளும் திரும்பவில்லை. ஒரு பகுதி காட்டிலே மறைக்கப்பட்டது.

நெருக்கடிக் காலம்

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் ஆகியவற்றின் சில பகுதிகளில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாட்களில் அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. ஆக, அந்நிலை முதன்முதல் கால்கொண்ட மண்ணுள் ஜொகூரும் ஒன்று. நெருக்கடி விதிகளுள் நான்காம் விதி கொடுமையானது. உரிய அதிகாரமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தவர்க்குத் தண்டனை தூக்கு. அதுவரையில் உரிமமின்மை சிறைத் தண்டனைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றமாக இருந்தது. இப்போது கையில் ஒரு சீட்டு இருத்தலும் இல்லாமையும், வாழ்வும் சாவும் ஆயின.

இவ்விதியால் உயிரிழந்த தமிழருள் பெரும்பெயர் பெற்றவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்திற் பிறந்து மலாயா சென்ற அவர், இந்திய தேசியப் படையில் பயிற்சியாசிரியராக இருந்தவர் என்பர். பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948ஆம் ஆண்டு ஜூனில் அச்சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிலாங்கூரில் ரவாங் அருகே அவர் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிடிபட்ட நாளுக்கும் தூக்கிலேறிய நாளுக்கும் இடையே கழிந்தது இரண்டு திங்களே. தமிழகமெங்கும் அன்று எழுந்த துயரக் குரலை முதியோர் நெடுநாள் நினைவிற் கொண்டிருந்தனர்.

சாம்பசிவம் வழக்கு

கணபதியின் வழக்கு ஊரறிந்தது. அதே காலத்தில் ஜொகூரில் நடந்த மற்றொரு தமிழரின் வழக்கு சட்ட நூல்களில் மட்டும் வாழ்கிறது. அது சாம்பசிவம் வழக்கு. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு மோதலைத் தொடர்ந்து, அவர்மீது இரண்டு குற்றங்கள் சாட்டப்பட்டன. துப்பாக்கி ஏந்தியது ஒன்று. தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. இரண்டிற்கும் தண்டனை தூக்கே.

ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு மதிப்பீட்டாளர் இருவர் அமர்ந்து விசாரித்தனர். இரு குற்றங்களும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மதிப்பீட்டாளர் கூறினர். தோட்டாக் குற்றச்சாட்டில் நீதிபதியும் உடன்பட்டு விடுதலை அளித்தார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் மட்டும் அவர் வேறுபட்டார். அதற்கு மறு விசாரணை ஆணையிடப்பட்டது. மறு விசாரணையில், சாம்பசிவம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலம் சான்றாகக் காட்டப்பட்டது. துப்பாக்கி, தோட்டா ஆகிய இரண்டும் தம்மிடம் இருந்தன என்று அதிற் கண்டிருந்தது. அவர் குற்றவாளியென முடிவாகித் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கோலாலம்பூரில் மேல்முறையீடும் தோற்றது.

வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950ஆம் ஆண்டில் அம்மன்றத்தின் தீர்ப்பை மக்டெர்மட் பிரபு வழங்கினார். அதன் கருத்தைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம். விடுதலை செய்யப்பட்டவனை அதே குற்றத்திற்கு மீண்டும் விசாரிக்கலாகாது என்பது யாவரும் அறிந்த நெறி. நெறி அவ்வளவில் முடிவதில்லை. விடுதலைத் தீர்ப்பு, அவனுக்கும் அரசுக்கும் இடையே எழும் பின்னை வழக்குகள் அனைத்திலும் முடிந்த முடிபாகும். தோட்டா வைத்திருந்தார் என்பதை முதல் தீர்ப்பு மறுத்துவிட்டது. ஆகவே வாக்குமூலத்தின் அப்பகுதியை மெய்யென்று அரசுத் தரப்பினர் கொள்ளுதல் இயலாது. ஒரு பகுதி இவ்வாறு தள்ளுபடியாகிய வாக்குமூலத்தின் எஞ்சிய பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பீட்டாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். முதல் விசாரணையின் முடிவு அவர்களுக்குக் கூறப்படவில்லை. எனவே தண்டனை நிற்காது. தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது.

ஒரு தமிழரின் பெயர் தாங்கிய அத்தீர்ப்பை ஆங்கிலச் சட்டம் வழங்கும் பல நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. இந்திய உச்ச நீதிமன்றமும் அதனைப் போற்றியுள்ளது. சொல்லப்பட்ட துப்பாக்கி எதையும் காத்ததாக வரலாறு கூறவில்லை. அவர் உயிரைக் காத்தது, முதல் விசாரணையில் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு விடுதலைத் தீர்ப்பே.

நம்பிக்கையின் எல்லை

அரசு ஒருபுறம் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டே மறுபுறம் அதனை வழங்கவும் செய்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர் ஏறத்தாழ 40,000 பேர் திரட்டப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் மலாய்க்காரர். 1950ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பிரிக்சுத் திட்டம் ஜொகூரில் தொடங்கியது. காட்டோரக் குடிகள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் அப்புதுக்கிராமத்துச் சீனர்களே ஊர்க்காவற் படையினராகித் துப்பாக்கி பெற்றனர். அரசு எவரை ஐயுற்றதோ அவரிடமே துப்பாக்கியை நம்பிக் கொடுத்த பின்னர்த்தான் போர் திசை மாறியது என்பது ஆராய்தற்குரியது. 1958ஆம் ஆண்டில் தென்பகுதித் தலைவர் ஓர் லுங் சரணடைந்தபின் ஜொகூர்க் காடு அமைதியுற்றது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நெருக்கடி நிலை நீங்கியது.

அவ்வாண்டிலேயே மலாயாவின் ஆயுதச் சட்டம் பிறந்தது. துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல் தலைமை அதிகாரியிடம் உள்ளது. வைத்திருத்தற்கு உரிமம் ஒன்று. ஏந்திச் செல்லுதற்கு இசைவு வேறொன்று. 1971ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், கொள்ளை முதலிய குற்றங்களில் துப்பாக்கி சுட்டவர்க்குக் கட்டாயத் தூக்கு விதித்தது. உரிமமின்றி வைத்திருந்தவர்க்குச் சிறையும் பிரம்படியும் விதித்தது. 2023ஆம் ஆண்டில் மலேசியா கட்டாயத் தூக்குத் தண்டனையை நீக்கியது. தூக்கா, நீண்ட சிறையா என்று எண்ணித் துணியும் உரிமை நீதிபதிக்கு மீண்டது.

பிற நாட்டு வழக்கம் ஒன்றை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் ஏந்துதலை உரிமை என்கிறது. டெக்சாசு மாநிலத்தில் 1995ஆம் ஆண்டின் சட்டம், கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து ஏந்திச் செல்ல உரிமம் வழங்கியது. உரிமம் வேண்டுவோர் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி தரும் ஆசிரியர் அரசின் காவல் துறையிடம் சான்று பெற வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. உரிமக் கட்டணம் 2017ஆம் ஆண்டில் 140 டாலரிலிருந்து 40 டாலராகக் குறைந்தது. 2021ஆம் ஆண்டில், உரிமமின்றியே ஏந்தலாம் என்று சட்டம் மாறியது. அதன்பின் ஆசிரியரிடம் வருவது கற்போன் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. கட்டணம் உயரும்போது ஏழையின் உரிமை சுருங்கும் என்பது ஒரு சாரார் வாதம். பயிற்சி குறையும்போது ஊராரின் பாதுகாப்புச் சுருங்கும் என்பது மற்றவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

மலேசிய அரசியலமைப்பின் பத்தாம் பிரிவும், இந்திய அரசியலமைப்பின் பத்தொன்பதாம் பிரிவும் குடிமகனுக்கு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே வழங்குகின்றன. ஆயுதத்தை இழந்து, பெற்று, மீண்டும் இழந்த மக்களுக்கு அச்சொற்கள் எளிதாக வந்தவை அல்ல. ஆயுதத்தை அரசிடம் விட்டுவிடும் குடிமகன் அதற்கு ஈடாக ஒன்றை எதிர்பார்க்கிறான். நடுநிலை தவறாத நீதிமன்றமே அவ்வீடு. ஜொகூர் பாருவில் தொடங்கி இலண்டனில் முடிந்த அவ்வழக்கில் அவ்வீடு செலுத்தப்பட்டது. புடு சிறையில் அது செலுத்தப்படவில்லை. உரிமச் சீட்டின் விலை என்னவென்று கணக்கிடுவோர், கட்டணப் பட்டியலோடு இவ்விரு வழக்குகளையும் ஒருங்கே வைத்துக் கணக்கிடுதல் வேண்டும்.